ஆளில்லாத அறைக்கும் சூடு

செப்டம்பர் 6

கிவாவுக்கு,

இங்கே காலை வேளைகளில் வயல்மேல் மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டது. உங்கள் மத்ஸுயாமாவில் இன்னும் வெயில் அடங்கியிருக்காது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம்.

முதலில் ஒரு திருத்தம். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது, வீட்டை நாலாபுறமும் அடைத்துக்கொண்டு தெர்மாஸ் குடுவைக்குள் குடியேறப் போகிறேன் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டுக் கொமகினே அம்மாவாகத்தான் இருக்கும். என் புத்தி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜன்னல்கள் முன்போலவே திறக்கும். எந்த விற்பனையாளனும் என்னை ஏமாற்றவில்லை. வந்த மூவரில் இருவரை வாசலோடு அனுப்பியவளே நான்தான். ஒருவன் என்னைப் "பாட்டிம்மா" என்று கூப்பிட்டான். இன்னொருவன் கேட்ட கேள்விக்கெல்லாம் சிரித்தான். மூன்றாமவர் சசாமோரி பதில் சொன்னார். வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

நடக்கப்போவது இதுதான். சுவர், கூரை, தரை மூன்றுக்கும் கம்பளி போர்த்துவதுபோல் காப்பு வைத்து இடுக்குகளை மூடுகிறார்கள். மூடிய வீட்டுக்கு மூச்சு வேண்டும் அல்லவா? அதற்குக் கூரையடியில் ஒரு பெட்டி. வெளியே போகும் பழைய காற்றும் உள்ளே வரும் புதுக்காற்றும் அதற்குள் ஒரு மெல்லிய தடுப்பின் இரு பக்கமாகக் கடந்து போகும், கலப்பதில்லை. போகிற காற்று தன் சூட்டை வருகிற காற்றிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறது. குறைகிற கொஞ்சத்தை ஒரு வெப்பப் பம்ப் வெளிக்குளிரிலிருந்தே இறைத்துத் தரும்.

"குளிர்ல சூடு எங்கேம்மா இருக்கு?" என்று கொமகினே அம்மா கேட்டாள்.

"உங்க ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கைய வச்சுப் பாருங்க" என்றேன்.

வீடு இன்னும் உன் அப்பா பெயரில்தான் இருக்கிறது. உன் அண்ணன் அதை மாற்றாமலே விட்டார், போன ஜனவரியில் அவரும் போய்விட்டார். சுவரில் கை வைக்க வாரிசான உன் சம்மதமும், கையெழுத்துக்கு ஈடான உன் முத்திரையும் தேவை. பத்திரத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். இந்த வீட்டில் இன்னொரு குளிர்காலத்தைத் தனியாகக் கழிக்கக் கூடாது, முதியோர் இல்லத்துக்குப் போங்கள் என்கிறார் மருத்துவர். நான் போகப்போவதில்லை. அதனால் வீடுதான் மாற வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெருயோ


செப்டம்பர் 17

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது, மற்றபடி சுகம். ஆரஞ்சு இன்னும் பச்சை. பழுத்ததும் வழக்கம்போல் ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

நான் பிறந்த வீடு அது அண்ணி. அந்தக் கதவிடுக்கில் வரும் காற்றின் சத்தத்தைக் கேட்டுத்தான் நானும் அண்ணனும் தூங்கினோம். அப்பா என்ன சொல்வார், நினைவிருக்கிறதா? "வீடுன்னா காத்து ஓடணும். மூக்க அடைச்சா மனுஷன் இருப்பானா?" அடியில் கணப்பு வைத்த கொதாத்ஸு மேசையைப் போட்டுப் போர்வைக்குள் காலை நீட்டினால் போதாதா உங்களுக்கு? ஒற்றை ஆள் நீங்கள். ஆளில்லாத நடைவழிக்கும் கழிப்பறைக்கும் ராப்பகலாகச் சூடு காட்டுவதா? அம்மா இருந்திருந்தால் "தெய்வ குத்தம்டி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பாள்.

முத்திரை வைக்க எனக்குக் கை வரவில்லை. யோசிக்கிறேன். குளிர் வருவதற்குள் கனமான உள்ளாடை வாங்கிக்கொள்ளுங்கள்.

கிவா


செப்டம்பர் 24

கிவாவுக்கு,

மலையுச்சியில் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. நலம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

உன் அப்பா வீட்டில் காற்று ஓடியது உண்மை. நீ அதற்குள் இருபத்திரண்டு வயதுவரை தூங்கினாய், பிறகு தெற்கே வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாய். அதற்குள் சமைத்தவள் நான். முட்டைக்கோஸ் உறைந்துபோகாமல் இருப்பதற்காக அதைக் குளிர்பெட்டிக்குள் வைத்தவள் நான். பாத்திரம் தேய்த்த துணி குழாயடியிலேயே பலகையாக நிற்கும். அதைப் பார்த்து உன் அம்மா சொல்வாள், "பொறுத்துக்கணும் தெருயோ, பொறுத்துக்கறதுதான் இந்த வீட்டுக்கு அழகு." பொறுத்துக்கொண்டேன். அதில் யாருக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

காற்று வரட்டும். எந்த வழியாக வர வேண்டும், எவ்வளவு சூட்டோடு வர வேண்டும் என்பதை நான் சொல்வேன். ஆளில்லாத அறை என்று எழுதியிருக்கிறாய். நடைவழியைத் தாண்டாமல் நீ கழிப்பறைக்குப் போய்விடுவாயா? எந்த அறையும் ஆளில்லாத அறை இல்லை, யாரோ ஒருவர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வரப்போகும் அறை.

முத்திரையை அனுப்பு.

தெருயோ


அக்டோபர் 2

அண்ணிக்கு,

இங்கே புயல் மழை ஓய்ந்து வானம் வெளுத்திருக்கிறது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்த மருமகள் வேண்டாம், நம் வாய் அடைந்துவிடும் என்று அத்தை அன்றைக்கே சொன்னாள். சரி, சம்மதிக்கிறேன். சுவரை மூடுங்கள், பெட்டி வையுங்கள், என்னவோ செய்யுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. குளியலறையையும் அதன் முன்னால் உடைமாற்றும் அறையையும் தொடக் கூடாது. அந்த மரத்தொட்டி அப்பா தன் கையால் இழைத்தது. அண்ணன் உயிர் பிரிந்த இடமும் அதுதான். அதை உடைக்க உங்களுக்கு எப்படி மனம் வரும்?

உங்களுக்கும் அந்த அறைக்கும் என்றுமே ஆகாது, எனக்குத் தெரியும். ஒரே தொட்டி வெந்நீரில் வீடே முறைவைத்து இறங்கும்போது, வீட்டுத் தலைவருக்கு என்று உள்ள முதல் வெந்நீரில் அவருக்கு முன்னால் நீங்கள் இறங்குவதும், மிச்சத் தண்ணீரில் அவர் குளிப்பதும் ஊரே பேசிய கதை. "ஓய்காவா வீட்டு மகாராணி" என்பார்களாம். நான் அதையெல்லாம் இப்போது கிளறவில்லை. அந்த அறையை மட்டும் விட்டுவிடுங்கள்.

கிவா


அக்டோபர் 9

கிவாவுக்கு,

இரவில் உறைபனி விழுகிறது. நான் நலம்.

குளியலறை இல்லாமல் வேலை இல்லை. மாடி அறையை விட்டுத்தரச் சொன்னால் தருவேன். புத்த பீடம் இருக்கும் அறையைக் கேட்டால் அதையும் யோசிப்பேன். குளியலறையைத் தர மாட்டேன்.

சசாமோரியிடம் உன் நிபந்தனையைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "சூடான வீட்டுல ஒரு அறைய மட்டும் குளிருக்கு விட்டா, வீட்டு ஈரம் மொத்தமும் அங்கதாம்மா போய் வேர்க்கும். ரெண்டே வருஷம், சுவரெல்லாம் பூஞ்சை" என்றார். இது அவருடைய காரணம். என்னுடையது வேறு. அதை எழுத மாட்டேன், கேட்காதே.

உன் அப்பாவின் தொட்டியை உடைக்கவில்லை. கழற்றி இழைத்து அதே இடத்தில் வைப்பார்கள். மாறப்போவது அதைச் சுற்றியிருக்கும் குளிர்.

மகாராணி என்று ஊர் சொன்னது எனக்கும் தெரியும். நான் என்றைக்கும் மறுத்ததில்லை. இப்போதும் மறுக்கவில்லை.

தெருயோ


அக்டோபர் 20

அண்ணிக்கு,

நலம்தானே? இங்கே எல்லாம் அப்படியே.

நேற்று எங்கள் பேட்டையின் கூடத்தில் முதியோருக்கு ஒரு பேச்சு. சுகாதாரச் செவிலி ஒருத்தி வந்திருந்தாள். பெண் நல்ல சிரித்த முகம். "தாத்தா முதல்ல குளிக்கட்டும்னு மரியாதை பண்றீங்கல்ல? அந்த முதல் குளியல்தான் ஆபத்து. அறை ஐஸ் மாதிரி இருக்கும், தண்ணி கொதிக்கும், நடுவுல நெஞ்சு தாங்காது. வயசானவங்கள ரெண்டாவதா அனுப்புங்க, முதல்ல ஒருத்தர் குளிச்சு அறைய ஆவியால சூடாக்கட்டும்" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "அப்ப எங்க வீட்டுக்காரர் நான் குளிச்ச தண்ணியிலயா?" என்று ஒருத்தி கத்தினாள். நானும் சிரித்தேன் அண்ணி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

புத்தாண்டுக்கு நான் வந்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை. நீங்கள் துண்டோடு குளியலறைக்குக் கிளம்பினீர்கள். நான் என்ன சொன்னேன்? "அண்ணி, மடத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா? புருஷனுக்கு மிச்சத் தண்ணியா? நான் வந்திருக்கற அன்னிக்காவது அண்ணன் முதல்ல குளிக்கட்டும்." அண்ணன் சிரித்தார். "சரி சரி, தங்கச்சி தீர்ப்பு சொல்லிட்டா. இன்னிக்கு நான்தான் ராஜா" என்று உங்கள் கையிலிருந்த துண்டை வாங்கிக்கொண்டு போனார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். பிறகு மூடிக்கொண்டீர்கள்.

அண்ணி, நீங்கள் ஏன் எப்போதும் முதலில் குளித்தீர்கள்? இதற்குப் பதில் எழுதுங்கள்.

கிவா


அக்டோபர் 27

கிவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலைப் பற்றி நீ எழுதவில்லை. பெரிய மலையில் முதல் பனி தெரிகிறது. ஆப்பிள் நன்றாக வந்திருக்கிறது, உனக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். தோலைச் சீவாமல் சாப்பிடு. சசாமோரி ஆட்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறார்.

நீ கேட்டதற்கு: குளிராக இருந்ததால்.

முத்திரையை அனுப்பு.

தெருயோ


நவம்பர் 4

சம்மதப் பத்திரம் இதனுடன். குளியலறையும் சேர்த்து.

கிவா


டிசம்பர் 18

கிவாவுக்கு,

இங்கே இடுப்பளவு பனி. நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. போன மாதம் எழுதிய இரண்டு அஞ்சலட்டைகளுக்கும் பதில் இல்லை.

வேலை முடிந்தது. ஐந்து வாரம் ஒரே அறையில் ஒதுங்கி, சுத்தியல் சத்தத்தோடு வாழ்ந்தேன். கடைசியில் சோதனை வைத்தார்கள். வாசலில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சினால், இடுக்கு இருக்கும் இடத்தில் வெளிக்காற்று பீறிக்கொண்டு வரும். சசாமோரி உள்ளங்கையைக் காட்டிக் காட்டித் தேடினார். நான் புத்த பீடத்திலிருந்து ஊதுபத்தியை எடுத்து ஏற்றிக்கொண்டு சுவர் ஓரமாக நடந்தேன். புகை நேராக நின்றால் சரி, சாய்ந்தால் ஓட்டை. படிக்கட்டின் கீழே சாய்ந்தது. "இதோ, இங்க அடைக்கல" என்றேன். "அம்மா, நீங்க என்கிட்ட வேலைக்குச் சேந்துடுங்க" என்றார். "உங்க சம்பளத்துக்கு நான் வரமாட்டேன்" என்றேன். பீடத்துப் பத்தியை இதற்கா எடுத்தாய் என்று நீ கேட்பாய். உன் அண்ணனுக்கு ஏற்றும் பத்திதான். அவருக்கு ஆட்சேபம் இருக்காது.

ஒரே ஒரு கட்டளை: இயந்திரத்தை நிறுத்தவே கூடாது. அறையை விட்டுப் போகும்போதெல்லாம் விசையை அணைத்துப் பழகிய கை, முதல் வாரம் முழுவதும் சுவரைத் தடவியது. அடக்கிக்கொண்டேன்.

நேற்றுக் கொமகினே அம்மா வேவு பார்க்க வந்தாள். வாசலில் கோட்டைக் கழற்றினாள். நடைவழியில் கம்பளிச் சட்டை. கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. உடம்புக்கு ஆகவில்லையோ என்று கதவைத் தட்டினேன். "இல்லம்மா, சும்மா உக்காந்திருக்கேன். இதமா இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தெர்மாஸ் குடுவை என்ற சொல் இப்போது இந்தத் தெருவில் அவ்வளவாகக் கேட்பதில்லை.

உடைமாற்றும் அறையில் இருபத்தொரு டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குப் பதினொன்று கீழே. நான் அங்கே வெறுங்காலோடு நின்றேன். நெடுநேரம் நின்றேன்.

ஜனவரி மூன்றாம் தேதி முதலாண்டு நினைவுச் சடங்கு. மாடியில் உனக்குப் படுக்கை போட்டு வைக்கிறேன். எந்த ரயிலில் வருகிறாய்?

தெருயோ


பிப்ரவரி 2

கிவாவுக்கு,

குளிர் உச்சத்தில் இருக்கிறது. நான் நலம்.

சடங்குக்கு நீ வரவில்லை. துறவி காத்திருந்தார். காய்ச்சல் என்று தந்தியடித்திருந்தாய். காய்ச்சலுக்கு ஒரு மாதம் ஆகாது. இந்த ஆண்டு ஆரஞ்சும் வரவில்லை. நான் ஆரஞ்சுக்காகக் கேட்கவில்லை.

என்ன விஷயம் என்று எழுது.

தெருயோ


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை.

நீங்கள் "குளிராக இருந்ததால்" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். மீதியைக் கொமகினே அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அவளுக்கு அது பெரிய செய்தியே இல்லை. கொட்டினாள். "அந்தம்மா சாயங்காலமானா முதல்ல உள்ள போகும். தொட்டி மூடியத் திறந்து போட்டு, தரையெல்லாம் வெந்நி ஊத்தி, ஆவி அடைச்சதும் அஞ்சே நிமிஷத்துல வெளிய வந்துடும். அதுக்குக் குளியல்னு பேரா? ஈரத் தலையோட ஓடி வந்து, 'சீக்கிரம் போங்க, ஆறிடப்போவுது'ன்னு அவர விரட்டும். எங்க வீட்டு ஜன்னல் வரைக்கும் கேக்கும். ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. மகாராணி என்பது மட்டும் தெரியும்.

நவம்பரிலிருந்து நான் என் குளியலறைக்குள் போகவில்லை. துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொள்கிறேன். தொட்டியின் மூடியைத் திறந்தால் அண்ணன் துண்டை வாங்கிக்கொண்டு போன முதுகு தெரிகிறது. வீட்டில் எனக்குள்ள பங்கை உங்கள் பெயருக்கு எழுதி, முத்திரையும் வைத்து இதனுடன் அனுப்பியிருக்கிறேன். இனி என்னைக் கூப்பிடாதீர்கள். அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு வருவேன்?

கிவா


பிப்ரவரி 26

கிவாவுக்கு,

கூரைப்பனி பாளம் பாளமாகச் சரிந்து விழுகிறது. நான் நலம். நீ நலமில்லை என்பது தெரிகிறது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

நீ சொன்னாய், அவர் போனார். அப்படி நடக்கவில்லை என்று எழுதி உன்னைத் தேற்ற மாட்டேன். மையால் பொய் எழுத என்னை யாரும் பழக்கவில்லை. ஆனால் அதோடு உண்மை முடிந்துவிட்டது என்று நீ முடிவு கட்ட முடியாது. உன் அண்ணன் கைக்குழந்தை இல்லை. அந்த அறை எப்படிக் குளிரும் என்று அவருக்கு உன்னைவிட, என்னைவிட நன்றாகத் தெரியும். தங்கை முன்னால் ஒரு மாலை ராஜாவாக இருக்க ஆசைப்பட்டார். சிரித்துக்கொண்டே போனார். அவருக்குக் கடைசியாகக் கிடைத்த சிரிப்பு அது. அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டுபோய் உன் அழுகைக்கு விறகாக்க நான் விடமாட்டேன். நான் வாயைத் திறந்து மூடியதையும் நீ பார்த்தாய். அதை நான் உன் முன்னால் கொண்டுவந்து வைக்கவில்லை. நீயும் உன்னுடையதை என் முன்னால் வைக்காதே.

எனக்குக் கோபம் இல்லை என்று எண்ணிவிடாதே. நிறைய இருக்கிறது. அதில் துளியையும் உன்மேல் வீணாக்கத் தயாரில்லை. அது முழுவதும் அந்தக் குளிருக்கு. வீட்டிலேயே வயதானவரை, வீட்டிலேயே குளிர்ந்த அறைக்கு, மரியாதை என்று சொல்லி முதல் ஆளாக அனுப்பிவைத்த எல்லோருக்கும். பொறுத்துக்கொள்வதை அழகு என்று சொல்லித்தந்தவர்களுக்கும், அதை நம்பி நான் பொறுத்துக்கொண்ட ஆண்டுகளுக்கும். இந்த வீட்டில் அது முடிந்துபோனது. இங்கே இனி ஒரு குளிர்ந்த மூலை கிடையாது, யாருக்காகவும் யாரும் முன்னால் ஓடிப்போய் அறையைச் சூடாக்க வேண்டியதும் இல்லை.

உன் பங்குப் பத்திரத்தைக் கிழிக்காமல் திருப்பி அனுப்புகிறேன், நல்ல தாள். நீ பிறந்த வீட்டில் உனக்குப் பங்கு உண்டு. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை நான் உனக்குக் கொடுக்கவில்லை.

துண்டை நனைத்துத் துடைத்துக்கொள்கிறாயாம். அது தண்டனை இல்லை, கிவா, அழுக்கு.

இன்னொன்று. மத்ஸுயாமாவில் குளிரே கிடையாது என்று நீ கல்யாணமானதிலிருந்து பீற்றிக்கொள்கிறாய். சசாமோரியிடம் கேட்டேன். "தெக்கத்தி ஊர்லதாம்மா குளியலறையில அதிகம் சாகறாங்க. குளிரே இல்லன்னு நெனச்சு சுவருக்குள்ள ஒண்ணும் வைக்கறதில்ல" என்றார். உனக்கு எழுபத்தாறு வயது. தனியாக இருக்கிறாய். உன்னையும் அந்த அறைக்குக் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை.

அவருக்குத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரில் இதே வேலை செய்கிறார். வரைபடம் போட அவருக்கு விவரம் வேண்டும். குளியலறையின் நீளம், அகலம், உயரம். உடைமாற்றும் அறைக்கும் அதேபோல். வெளிச்சுவர் எந்தப் பக்கம் பார்க்கிறது? ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடியா, இரட்டையா? தரை மரமா, டைல்ஸா? அறைக்குள்ளே போய் நின்று அளந்தால்தான் இவை தெரியும். அளந்து, தெளிவான கையெழுத்தில் கடிதமாக எழுதி இந்த வாரமே அனுப்பு.

தெருயோ